கைப்பேசித் திரையும் கைத்தறிக் கடையும்



மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே 1924ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கல்லடிப் பாலம் மிகக் குறுகியது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும் வரையில், ஒரு கரையிலிருந்து வாகனங்கள் வருங்கால் மறுகரையில் உள்ளவை காத்து நின்றன. கைப்பேசியின் திரையும் அத்தகையதொரு குறுகிய வழியே. அதன் அகலத்தை எண்ணாது அமைக்கப்படும் இணையக் கடை நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

மருதமுனைக் கைத்தறிச் சேலையையோ, படுவான்கரைப் பெண்கள் இழைத்த பனையோலைப் பெட்டியையோ இணையத்தில் விற்க முற்படுவோர், கடையை மேசைக் கணினியிலேயே அமைத்துப் பார்க்கின்றனர். வாங்குபவரோ கொழும்பிலோ கனடாவிலோ கைப்பேசியில் அதனைத் திறக்கிறார். சேலையின் படம் தெரிகிறது. விலை பாதி தெரிகிறது. வாங்கும் பொத்தானைக் காணவில்லை. அவர் போய்விடுகிறார். நட்டம் நெசவாளிக்கு.

இக்குறையைக் களைவோர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் தலைப்பகுதியை. 2007இல் வெளிவந்த ஐபோன், ஒரு பக்கம் 980 பிக்சல் அகலமுடையது எனக் கொண்டு அதனைச் சுருக்கிக் காட்டியது. 'கருவியின் அகலமே பக்கத்தின் அகலம்' என உலாவிக்கு உணர்த்தும் வியூபோர்ட் என்னும் ஒற்றை வரி இல்லையெனில், இன்றும் எழுத்துக்கள் எறும்புபோற் சிறுத்துவிடும். திரைக்கேற்ப நெகிழும் பக்க அமைப்புக்கு 2010இல் பெயர் சூட்டியவர் ஈதன் மார்க்கோட்டே என்பவர். அம்முறைக்கும் இவ்வரியே வாயில்.

அடுத்து, பக்கம் பக்கவாட்டில் ஆடுகிறதா எனக் காண்க. ஆடினால், திரையினும் அகன்ற பொருள் ஏதோ உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு பகுதியைச் சுற்றியும் தற்காலிகமாகச் சிவப்புக் கோடு வரையச் செய்தால், வெளியே நீண்டு நிற்பது அகப்பட்டுவிடும். பெரும்பாலும் அது அகலம் எண்ணால் நிலைநிறுத்தப்பட்ட புகைப்படம், அல்லது அளவுகளைக் கூறும் அட்டவணை. படத்தின் உச்ச அகலத்தை நூறு சதவீதமாக்குக. அட்டவணையைத் தனியே நகரும் பெட்டிக்குள் இடுக. சிலர் இவ்வளவு பாடுபடாமல், வெளியே நீள்வதை மறைக்குமாறு ஒரே கட்டளையிட்டுவிடுவர். அது வைத்தியமன்று. ஆட்டம் நிற்கும், பொத்தானும் அதனோடு மறைந்துபோகும்.

தமிழுக்கென்றே உரிய இடரும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றெழுத்திற் சொல்லும் 'பை' என்பதற்காக அளந்த பொத்தானில், 'கொள்வனவுக்கூடையிற் சேர்க்க' என்பது எவ்வாறு அடங்கும்? பொத்தானின் அகலத்தைக் கட்டிவைக்காது, சொல் இரண்டாம் வரிக்கு இறங்க இடங்கொடுத்தல் வேண்டும். 'வாங்குக' என்று சுருக்குவது அதனினும் நன்று. வரியுயரத்தை இறுக்கினால் 'கீ' என்பதன் மேற்சுழியும் 'கூ' என்பதன் கீழ்வளைவும் வெட்டுண்ணும். ஆங்கிலத்துக்கென ஆக்கிய வார்ப்புருக்களில் இது பலகாலும் நேர்வது.

முகவரி எழுதும் கட்டத்தையும் மறத்தலாகாது. அங்கே எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால், விரல் பட்டவுடன் ஐபோன் பக்கத்தைத் தானே பெரிதாக்கும். அனுப்பும் பொத்தான் ஓரத்துக்கு அப்பாற் சென்றுவிடும். 16 என வைத்தால் அத்தொல்லை இல்லை. இதனைக் கணினியிற் சன்னலைச் சுருக்கிப் பார்த்து அறிய இயலாது; உண்மையான கைப்பேசியிலே, சேலையொன்றைத் தேர்ந்து, முகவரி எழுதி, இறுதிவரை சென்று பார்த்தே அறிய வேண்டும்.