பட்டுச் சேலையும் தேடல் பெட்டியும்: ஒரு ஆப்புக்குள்ள ‘காஞ்சிபுரம்’ எங்கே இருக்கு?

போன வாரம் ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு ஒரு ஷாப்பிங் ஆப்புல ‘காஞ்சிபுரம் பட்டு’ன்னு தேடியிருக்காங்க. 1,500 ரூபாய்க்கு அருமையா ஒரு சேலை. படத்துல மயில் கழுத்து நிறம், பெரிய கரை, ஜரிகை ஜொலிக்குது. வாங்கிட்டாங்க. வந்த சேலையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தா, உருகி மணி மாதிரி உருண்டுக்கிச்சாம். பட்டு எரிஞ்சா முடி கருகுற வாசனை வரும், சாம்பல் விரல்ல பொடியாகும். இது பாலியஸ்டர். “தம்பி, காஞ்சிபுரம்னு எழுதியிருந்ததே, அதை நம்பினது என் தப்பா?”ன்னு கேட்டாங்க.

இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான். நான் பிள்ளையார்பாளையத்துல வளர்ந்தவன். அப்பா தறி நெய்தவர். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். அதனால இந்த விஷயத்துல எனக்கு ரெண்டு பக்கமும் கால் இருக்கு. சொல்றது என் கருத்து, மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா எழுதுங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடுவோம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06லயே கிடைச்சாச்சு. அந்தப் பதிவகமும் தூரத்துல இல்லை, சென்னையிலதான் இருக்கு. புவிசார் குறியீடுன்னா, அந்தப் பெயர் அந்த ஊர் நெசவுக்குச் சொந்தம்னு அர்த்தம். வேற எங்கேயோ ஓட்டின துணி மேல அந்தப் பெயரைப் பொய்யா ஒட்டினா, 1999ஆம் வருஷச் சட்டப்படி சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. அதுக்கும் முன்னாடியே, 1985ல கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதல்ல 22 ரகம், அப்புறம் 1996ல 11 ஆகக் குறைச்சாங்க. கரையும் ஊடை டிசைனும் வச்ச பருத்தி, பட்டுச் சேலை இன்னும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதை விசைத்தறியில ஓட்டக் கூடாது. விசைத்தறிக்காரங்க வழக்குப் போட்டாங்க, 1993ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆக, சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனா தேடல் பெட்டியில ‘காஞ்சிபுரம்’னு தட்டுங்க. எத்தனை சேலை வருதுன்னு பாருங்க. நம்ம ஊர்ல இருக்கிற தறி அத்தனையும் ராத்திரி பகலா ஓடினாலும் அவ்வளவு நெய்ய முடியாது. கோர்வை போட்ட ஒரு சேலைக்கு, டிசைனைப் பொறுத்து, பத்து நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம்னு மூணு நாடா வச்சு நெய்யும்போது தறியில ரெண்டு பேர் வேணும். சின்ன வயசுல கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தள்ளினவன் நான். அந்த வேலைக்கான கூலியும், பட்டு விலையும், ஜரிகை விலையும் சேர்ந்து 1,500 ரூபாய்க்குள்ள அடங்கவே அடங்காது.

அப்போ கம்பெனிக்காரங்க என்ன சொல்றாங்க? “நாங்க வெறும் சந்தை. கடை போட்டவன் வேற ஆளு.” இது வாய்க்கு வந்த சாக்கு இல்லை. 2000ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 79ஆவது பிரிவு இடைத்தரகருக்கு ஒரு பாதுகாப்புக் குடுக்குது. அடுத்தவன் போட்ட பதிவுக்கு நீ பொறுப்பில்லை, ஆனா கவனமா நடந்துக்கணும்னு சொல்லுது. அது ஒரு அளவுக்கு நியாயமும்கூட. நம்ம ராஜவீதியில ஒருத்தன் நடைபாதையில போலி வித்தா மாநகராட்சிக் கமிஷனரைப் பிடிச்சு உள்ளே போட முடியுமா?

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குங்க. மாநகராட்சி அந்தப் போலிக் கடையைக் கையைப் பிடிச்சு உங்ககிட்ட கூட்டிட்டு வராது. ஆப் கூட்டிட்டு வருது. எது மேல வரணும், எதுக்குப் பக்கத்துல விளம்பரம்னு போடணும், எதை ‘உங்களுக்காக’ன்னு காட்டணும், எல்லாம் கம்பெனி எழுதின கணக்கு. பணம் அவங்க வழியா போகுது, கமிஷன் எடுக்கறாங்க. இவ்வளவும் பண்ணிட்டு ‘நான் வெறும் இடம் குடுத்தவன்’னு சொன்னா எனக்கு அது பாதி உண்மையாத்தான் படுது.

அரசாங்கமும் இதைப் பார்க்காம இல்லை. 2020 ஜூலையில நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வந்தது. விற்பவர் பெயர், முகவரி காட்டணும். எந்த நாட்டுப் பொருள்னு காட்டணும். படமும் விவரமும் பொருளோட ஒத்துப்போகும்னு விற்பவர்கிட்ட உறுதிமொழி வாங்கணும். புகார் வந்தா 48 மணி நேரத்துல ‘கிடைச்சது’ன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். நல்ல விதிகள்தான். ஆனா கவனிச்சீங்களா? எந்த நாடுன்னு கேட்குது, எந்த ஊருன்னு கேட்கலை. நம்ம அக்கா வாங்கின சேலையில ‘இந்தியா’ன்னு சரியாத்தான் போட்டிருந்தது. பெயர்ல காஞ்சிபுரம், விவரத்துல இந்தியா. விதியில கேட்ட கட்டம் நிறைஞ்சாச்சு. பொய் மட்டும் தலைப்புலயே உட்கார்ந்திருக்கு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துடறேன். கடைக்காரர் ஒரு முத்திரையைக் காட்டினா எல்லாம் சரின்னு நினைச்சுடாதீங்க. கேள்வி மூணு இருக்கு. இது பட்டா? அதுக்கு மத்திய பட்டு வாரியத்தோட சில்க் மார்க், 2004ல வந்தது, ஹாலோகிராம் போட்ட சீட்டு. இது கையால நெய்ததா? அதுக்கு ஹேண்ட்லூம் மார்க், 2006ல வந்தது. இது காஞ்சிபுரமா? அதுக்குப் புவிசார் குறியீடு. விசைத்தறியில சுத்தப் பட்டு ஓட்டினாலும் சில்க் மார்க் வாங்கலாம், ஏன்னா அது பட்டுதான். அந்தச் சீட்டு பொய் சொல்லலை, நீங்க கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுது, அவ்வளவுதான். ஜரிகை வெள்ளியா, வெறும் உலோக மினுமினுப்பான்னு பார்க்கிறது நாலாவது கதை. அதுக்கு ஊர்லயே சோதிச்சுக் குடுக்கிற ஏற்பாடு இருக்கு.

இப்போ தங்கத்தை எடுத்துக்குவோம். 2023 ஏப்ரல் 1லிருந்து ஹால்மார்க் நகை வித்தா ஆறு எழுத்து எண் கொண்ட ஹெச்யூஐடி இருக்கணும். பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த எண்ணைத் தட்டினா, எந்தக் கடைக்காரர் பதிவு பண்ணினது, எந்த மையத்துல சோதிச்சது, என்ன தரம், மோதிரமா சங்கிலியான்னு வந்துடும். எங்க அத்தை, வாட்ஸ்அப்பைத் தவிர வேற எதுவும் தொடாதவங்க, அதைத் தட்டிப் பார்த்துட்டுத்தான் பேத்திக்குத் தோடு வாங்கினாங்க. சாதாரண மனுஷங்க கையில கம்ப்யூட்டர் உண்மையிலேயே வேலை செய்யறதுன்னா இதுதான்.

அதே மாதிரி, ‘காஞ்சிபுரம்’ங்கிற சொல்லைத் தலைப்புல போடணும்னா, முத்திரை எண்ணைப் போடு, இல்லைன்னா அந்தச் சொல்லை எடுன்னு ஒரு வரி விதி வந்தா போதும். கம்பெனிக்கு இது முடியாத வேலையா? துப்பாக்கி, சிகரெட்டுன்னு தட்டினா ‘அனுமதி இல்லை’ன்னு சொல்லத் தெரிஞ்ச மென்பொருளுக்கு, ஒரு கட்டம் காலியா இருக்குன்னு சொல்லத் தெரியாதா? பாலியஸ்டர் சேலை விக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. தினம் வேலைக்குக் கட்டிட்டுப் போறவங்களுக்கு அது வசதி, விலையும் கைக்கு அடக்கம். அதோட பெயரைச் சொல்லி விக்கட்டும்.

சரி, கம்பெனியை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்லை. அரசாங்க விதியும் சில சமயம் நெசவாளர் காலைத்தான் வாருது. முன்னாடியெல்லாம் ஆன்லைன் சந்தைத் தளத்துல ஒரே ஒரு சேலை வித்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1லிருந்து, வருமானம் வரம்புக்குள்ள இருக்கிற சின்ன வியாபாரிக்கு அது வேண்டாம்னு தளர்த்தினாங்க. சந்தோஷம். ஆனா ஒரு நிபந்தனை, சொந்த மாநிலத்துக்குள்ள மட்டும்தான் விக்கணும். அதாவது எங்க தெரு அண்ணன் ஒருத்தர், பதிவு இல்லாம, அந்தத் தளம் வழியா 600 கிலோமீட்டருக்கு மேல இருக்கிற கன்னியாகுமரிக்குச் சேலை அனுப்பலாம். 100 கிலோமீட்டர் சொச்சத்துல இருக்கிற திருப்பதிக்கு அனுப்பக் கூடாது. கல்யாணம் நடக்கிறதே திருப்பதியிலதாங்க! பதிவு பண்ணிட்டா, வித்தாலும் விக்காட்டியும் கணக்குத் தாக்கல் பண்ணணும். தறியில உட்கார்ந்தவர் ஆடிட்டருக்கும் கூலி குடுக்கணும். பெரிய வியாபாரிக்கு இது ஒரு வரிச் செலவு. ஒத்தைத் தறிக்காரருக்கு இது வாசல் கதவு.

அதனால அவர் எங்கே போறார்? வாட்ஸ்அப்புக்கு. ஸ்டேட்டஸ்ல படம் போடறார், யுபிஐல பணம் வருது, கூரியர்ல சேலை போகுது. எங்க ஊர் சின்ன நெசவாளருக்கு வாட்ஸ்அப்தான் கடை, கணக்குப் புத்தகம், விளம்பரம் எல்லாம். அதனாலதான் 2021ல அந்தக் கம்பெனி ‘புது நிபந்தனைக்குச் சம்மதி’ன்னு கேட்டப்போ, பிடிக்கலைன்னா வெளியே போங்கிறது இவங்களுக்கு ஒரு பதிலே இல்லை. கடையை மூடிட்டு எங்கே போறது? 2024 நவம்பர்ல போட்டி ஆணையம் அதுக்காக மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது, கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போச்சு. அந்த ஆணையத்தோட கேள்வியை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கிறேன்: வேற வழி இல்லாதவன் சொல்ற ‘சரி’, சம்மதமா?

ஸ்டேட்டஸ்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு, இதை நெசவாளர் நண்பர்கள் கவனிக்கணும். புதுசா ஒரு கரை டிசைன் போட்டீங்கன்னா, 2000ஆம் வருஷ வடிவமைப்புச் சட்டப்படி பதிவு பண்ணலாம். 10 வருஷம் பாதுகாப்பு, மேல 5 வருஷம் நீட்டிக்கலாம். ஆனா பதிவுக்கு முன்னாடி ஊருக்குக் காட்டிட்டா அது ‘புது’ டிசைன் இல்லைன்னு ஆயிடலாம். காலையில ஸ்டேட்டஸ் போட்ட படம், எங்கேயோ ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகும்? முதல்ல விண்ணப்பம், அப்புறம் ஸ்டேட்டஸ். சங்கத்துல இருக்கிறவங்க சங்கம் வழியா கேட்டுப் பாருங்க.

இதையெல்லாம் கேட்டு நான் டெக்னாலஜிக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. ஜக்கார்டு தறியில தொங்குற ஓட்டை போட்ட அட்டை 1800களோட தொடக்கத்துல பிரான்ஸ்ல வந்தது. ஓட்டை இருந்தா ஒரு இழை தூக்கும், இல்லைன்னா தூக்காது. அதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்கு இயந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்தார். கம்ப்யூட்டர் எங்க வீட்டுக் கூடத்துலயே தலைக்கு மேல தொங்கிட்டு இருந்திருக்கு, எங்களுக்குத்தான் தெரியலை. இன்னைக்கு கிராஃப் தாள் போய் கம்ப்யூட்டர் டிசைன் வந்தாச்சு, பென் டிரைவ்ல டிசைன் போகுது. வைரஸ் வந்து டிசைன் ஃபைல் போச்சுன்னு என்கிட்ட ஓடி வர்றாங்க. அதனால சொல்றேன், ஃபைலை ரெண்டு இடத்துல வைங்க. இது இலவச ஆலோசனை!

நம்ம பிள்ளைங்க இப்போ தறியில உட்காரறது குறைவு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம்னு கம்பெனி பஸ் ஏறிடறாங்க. நான் குறை சொல்லலை, மாசச் சம்பளம் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனா அங்கேயும் நோக்கியா 2014ல மூடினதைப் பார்த்தோம். 2024ல சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாசத்துக்கு மேல வேலைநிறுத்தம் இருந்து, சங்கத்தைப் பதிவு பண்ணவே போராடினதையும் பார்த்தோம். அப்பா நெய்த சேலை ஆப்புக்குள்ள பெயரை இழக்குது. பையன் பூட்டற பொருள்ல அவன் பெயர் எங்கேயும் இல்லை. விதி வேணுமா வேண்டாமான்னு யாராவது கேட்டா, எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கடைசியா, அந்த அக்காவுக்கு. உங்க தப்பு இல்லைங்க அக்கா. பட்டியல் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, தலைப்பும் விற்பவர் பெயரும் தெரியணும். பில், பார்சல் கவர் எதையும் தூக்கிப் போடாதீங்க. முதல்ல தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க, தேதி குறிச்சு வைங்க. பதில் இல்லைன்னா 1915ங்கிற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் போன் பண்ணுங்க. ‘சேலை பிடிக்கலை’ன்னு சொல்லாதீங்க. அப்படிச் சொன்னா அது வெறும் ரிட்டர்ன். ‘பட்டுன்னு சொல்லி பாலியஸ்டர் குடுத்தாங்க, காஞ்சிபுரம்ங்கிற பெயரைப் பொய்யா போட்டாங்க’ன்னு சொல்லுங்க. அப்போதான் அது புகார்.

நிச்சயதார்த்தத்துக்கு நேரம் இருந்தா ஒரு நடை ஊருக்கு வாங்க. தறிச் சத்தம் கேட்கிற வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த வாரம் பார்ப்போம்.