மனைப்பிரிவும் மக்கள் பூங்காவும்

(ஊராட்சிப் பணியாளர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு, வரிவசூல் என்று ஊராட்சி நிர்வாகத்தின் பெரும் பொருள்கள் பலவற்றை இம்முகாமில் கேட்டு வருகிறீர்கள். அவற்றிற்கு நடுவே பூங்காவைப் பற்றியும் பிள்ளைகளின் விளையாட்டிடத்தைப் பற்றியும் ஒருவன் பேச வந்தால், "இதுவும் ஒரு பொருளா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. எனினும், ஒரு முறை கைநழுவ விட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பப் பெற இயலாத செல்வம் ஊருக்கு ஒன்று உண்டெனின், அது ஊர்ப் பொது நிலமே. ஆகையால் சிறிது நேரம் செவி சாய்க்குமாறு வேண்டுகிறேன்.

நம் கிராமங்களில் விளையாட்டுத் திடல் என்று தனியே ஒன்று இருந்தது அரிது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஊர் மந்தை இருந்தது, களத்துமேடு இருந்தது, கோடையில் வற்றிய ஏரியின் உள்வாய் இருந்தது. இவை போதாவென்று, தை மாதத்து அறுவடை முடிந்தபின் தாள் மட்டும் நிற்கும் வயல்கள் யாவும் பிள்ளைகளுக்கே உரியவை ஆயின. அங்கே சடுகுடு ஆடவும் கிட்டிப்புள் ஆடவும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. நிலத்துக்கு உடையவரும் தடுத்ததில்லை.

இன்று நகரங்களையும் நெடுஞ்சாலைகளையும் அடுத்துள்ள கிராமங்களில் அந்நிலை மாறிவிட்டது. வயல்களில் வண்ணம் பூசிய கற்கள் நடப்படுகின்றன. செம்மண் சாலைகள் போடப்படுகின்றன. நுழைவாயிலில் வளைவு எழுகின்றது. குடியிருக்க வீடு வேண்டும் என்போருக்கு மனை வேண்டும். அதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் அறுவடை செய்த வயல் மறு பருவத்தில் மீண்டும் வயலாகும். கல் நட்ட வயலோ மீண்டும் வயலாவதில்லை. பிள்ளைகள் அதுவரை ஆடிய இடத்துக்கு ஈடாக அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? இக்கேள்விக்கு விடை சட்டத்தில் இருக்கிறது. அவ்விடையை நிலத்தில் காட்டுவது ஊராட்சியின் கடமையாகும்.

சட்டம் கூறுவதை முதலில் காண்போம். 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நிலத்தை மனைகளாகப் பிரிப்பதற்கு முறையான ஒப்புதல் பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் திறந்த வெளி ஒதுக்கீட்டைப் பற்றி விரித்துரைக்கின்றன. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்டுக்கு, மேற்படுமாயின், சாலைகள் நீங்கலாக எஞ்சிய பரப்பில் 10 சதவீத நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் ஒதுக்கியே ஆகவேண்டும். அதற்கு ஈடாகப் பணம் கட்டித் தப்ப இயலாது. 3,000 சதுர மீட்டருக்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப்பிரிவாயின் நிலமாகக் கொடுக்கலாம். அன்றி, முதல் 3,000 சதுர மீட்டரை நீக்கிக் கணக்கிட்டு, பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பின்படி நிலத்தின் விலையைச் செலுத்தலாம். 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டதாயின் இவ்வொதுக்கீடு இல்லை. சாலைகளையும் பூங்கா இடத்தையும் பதிவு செய்த தானப் பத்திரத்தின் வாயிலாக உள்ளாட்சி அமைப்புக்கு விலையின்றி ஒப்படைக்க வேண்டும் என்பது முறை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் ஊரில் 5 ஏக்கர் நஞ்சை நிலம் மனைப்பிரிவாகிறது என்று கொள்வோம். 500 சென்டில் சாலைக்கு 150 சென்ட் சென்றால் எஞ்சுவது 350 சென்ட். அதில் பத்தில் ஒரு பங்கு 35 சென்ட். ஏறத்தாழ 1,400 சதுர மீட்டர். கபடி ஆடுகளத்துக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். கைப்பந்து ஆடுகளத்துக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் வேண்டும். இவ்விரண்டையும் சுற்றிலும் தக்க இடம் விட்டு அமைத்த பின்னரும், சிறுவர்க்கு ஓர் ஊஞ்சலும் சறுக்குமரமும், முதியோர் அமர நிழலும், பெண்கள் மாலையில் நடக்க ஒரு பாதையும் அமைப்பதற்கு இடம் மிகும். இத்தனையும் ஊராட்சிக்கு ஒரு காசும் நிலவிலை இல்லாமல் வந்து சேர்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதனை மனை விற்போர் ஊருக்குச் செய்யும் தருமம் என்று கருதுவார் உளர். அது சரியன்று. புதிதாக நூறு குடும்பங்கள் வந்து குடியேறுமிடத்தில் காற்றும் வெளியும் அக்குடும்பங்களுக்கும் வேண்டும். அவர்கள் வருகையால் வெளியை இழந்த ஊருக்கும் வேண்டும். நிலம் மனையாகும்போது அதன் விலை பன்மடங்கு உயர்கின்றது. அவ்வுயர்வில் ஒரு சிறு பங்கு பொதுமக்களுக்குத் திரும்புவதே நியாயம். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் 10 சதவீத நிலத்தைத் தானமாக ஒப்படைக்க வேண்டும் என்னும் விதி செல்லாது என்று வழக்காடியபோது, 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரத்துக்குத் தானம் என்று பெயரிருந்தாலும், அதனைக் கேட்டுப் பெறுகையில் ஊராட்சி தயங்க வேண்டியதில்லை.

நிற்க. நிலம் பத்திரத்தில் வந்துவிட்டது. அதனால் பூங்கா வந்துவிட்டதா? இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய கட்டம் ஒன்று இருக்கும். நேரில் சென்று பார்த்தால் கருவேல முள் மண்டிக் கிடக்கும். அல்லது கட்டட இடிபாடுகள் கொட்டிக் கிடக்கும். ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின் ஒரு மூலையில் கொட்டகை எழும். பிறகு கொட்டகைக்குச் சுவர் எழும். அதன் பிறகு அது யாருடைய நிலம் என்று வழக்கு எழும். பத்திரம் அலமாரியில் பத்திரமாக இருக்கும், நிலம் இராது. இந்நிலை நேராதிருக்கச் செய்ய வேண்டியவை ஐந்து.

முதலாவது, ஒப்புதலுக்கு முன்பே இடத்தைப் பாருங்கள். மனையாக விற்க ஆகாத பள்ளமோ, உயர் அழுத்த மின்கம்பியின் அடிநிலமோ, ஓடைக்கரை ஓரத்து நீண்ட வாலோ பூங்கா என்று காட்டப்படலாம். ஒதுக்கப்படும் எந்தத் துண்டும் 100 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்றும், எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. அளவு சரியாக இருந்தாலும், சாலையிலிருந்து எளிதில் செல்லக்கூடியதா, மழை நீர் தேங்காததா என்று நேரில் கண்டு, ஊரின் கருத்தை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஒரே நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கித் தனித்தனியே அனுமதி கோரினால் அதனையும் சுட்டிக் காட்டுங்கள்.

இரண்டாவது, பத்திரத்தோடு நின்றுவிடாமல் பட்டாவையும் மாற்றுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். தானப் பத்திரத்தில் கண்ட சர்வே எண்ணும் பரப்பும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு ஒத்துள்ளனவா என்று சரிபாருங்கள். பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, உட்பிரிவு செய்வித்து, வருவாய்க் கணக்கில் ஊராட்சியின் பெயரை ஏற்றச் செய்யுங்கள். வருவாய்க் கணக்கில் பழைய உடையவரின் பெயரே நீடிக்குமாயின், பின்னாளில் அவர் வாரிசுகள் அறியாமலோ அறிந்தோ அந்நிலத்தை மீண்டும் விற்கக்கூடும்.

மூன்றாவது, எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். நில அளவரைக் கொண்டு அளந்து, எல்லைக்கல் நட்டு, கம்பிவேலி அமைத்து, "ஊராட்சிப் பூங்கா" என்று சர்வே எண்ணும் பரப்பும் எழுதிய பலகை ஒன்று வையுங்கள். சுற்றிலும் வேம்பும் புங்கமும் பூவரசும் நட்டால் சில ஆண்டுகளில் அவையே உயிர்வேலியாகும்.

நான்காவது, யாருக்காக அமைக்கிறோமோ அவர்களைக் கேட்டு அமையுங்கள். விலை உயர்ந்த விளையாட்டுக் கருவிகளை வாங்கி வைத்து, அவை துருப்பிடித்து ஒடிந்தபின் பழுது பார்க்க வழியின்றி விடுவதைக் காட்டிலும், முள் நீக்கிச் சமன் செய்த ஒரு வெறுந்தரை பிள்ளைகளுக்கு அதிகப் பயன் தரும். முதலில் தரை; பிறகு நிழல்; பிறகு குடிநீரும் விளக்கும்; கருவிகள் அதன் பின்னரே. பெண் பிள்ளைகள் விளையாட வராத இடம் பாதி ஊருக்குப் பயன்படாத இடம். விளக்கும் திறந்த பார்வையும் அவர்களுக்கே முதற்கண் வேண்டும்.

ஐந்தாவது, கணக்கை ஊர் அறியச் செய்யுங்கள். எந்தெந்த மனைப்பிரிவிலிருந்து எவ்வளவு நிலம் வந்தது, நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தப்பட்டிருப்பின் அது எவ்வளவு, அதனால் எந்தப் பணி நடந்தது என்னும் விவரத்தை ஒரு பதிவேட்டில் எழுதி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிராம சபையில் படியுங்கள். எந்த ஊரின் வெளிக்கு ஈடாகப் பணம் வாங்கப்பட்டதோ, அந்த ஊரின் வெளிக்கே அது பயன்பட வேண்டும் என்று ஊரார் கேட்பதற்கு அப்பதிவேடே ஆதாரமாகும்.

கணக்கைப் பற்றிக் கூறும்போது இங்கிலாந்து நாட்டின் முறையை நினைவுகூர்வது பயன் தரும். அங்கே 1990-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, வீடு கட்டி விற்போர் உள்ளாட்சியோடு ஒப்பந்தம் செய்து, பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் நிலமோ பணமோ தருகின்றனர். கேட்கப்படுவது அந்தக் குடியிருப்போடு நேரடித் தொடர்புடையதாகவும், அதன் அளவுக்குத் தக்கதாகவும் இருக்க வேண்டும். 2010 முதல் புதிய கட்டடங்களின் பரப்பைக் கணக்கிட்டு விதிக்கும் தீர்வை ஒன்றும் உண்டு. அதனை விதிக்கும் பகுதிகளில், நம் ஊராட்சியை ஒத்த பாரிஷ் மன்றத்துக்கு 15 சதவீதமும், மக்கள் வாக்களித்து ஏற்ற வட்டாரத் திட்டம் இருப்பின் 25 சதவீதமும் தருவதென 2013-இல் விதி வகுத்தனர். 15 சதவீதப் பங்குக்கு உச்ச வரம்பும் உண்டு. 2020 முதல், வந்த தொகையும் செலவான தொகையும் ஆண்டுதோறும் வெளியிடப்படுகின்றன. அந்நாட்டு முறையை அப்படியே இங்குக் கொண்டுவர இயலாது. எனினும், பெற்றதை ஊரறியச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு பதிவேடும் மனமும் போதும்.

ஒப்படைத்த நிலத்தைக் காப்பதில் மக்களுக்கும் உரிமை உண்டு என்பதற்கு ஒரு வழக்கைக் கூறுவேன். பெங்களூர் நகரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு ஒதுக்கீடு செய்தனர். மருத்துவமனை நல்லதுதானே என்று அப்பகுதி மக்கள் வாளாவிருக்கவில்லை; வழக்குத் தொடுத்தனர். 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பூங்காவுக்குரிய இடத்தை அவ்வாறு மாற்றியது செல்லாது என்றும், அங்கு வாழும் மக்கள் வழக்காட உரிமையுடையவரே என்றும் தீர்ப்பளித்தது. நல்ல காரியம் என்னும் பெயராலும் பொதுவெளி பறிபோகலாம் என்பது இதிலிருந்து பெறும் பாடமாகும்.

இறுதியாக ஒன்று. புதிய மனைப்பிரிவில் குடியேறுவோர் சில இடங்களில் பூங்காவைத் தமக்கே உரியதாகக் கருதி, வாயிலில் பூட்டுப் போட்டுக் காவலாளியை நிறுத்துவதுண்டு. பழைய ஊரின் பிள்ளை ஒருவன் பந்தோடு வந்தால், "நீ எந்தத் தெரு?" என்று கேட்கப்படுகிறான். தானப் பத்திரம் ஊராட்சியின் பெயரில் எழுதப்பட்டது. ஆகையால் பழைய தெருவுக்கும், ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும், புதிய மனைப்பிரிவுக்கும் அதில் உரிமை ஒன்றே. நேற்றுவரை அவ்வயலில் நாற்று நட்ட தாயின் பிள்ளை இன்று அவ்விடத்துப் பூங்காவின் வேலிக்கு வெளியே நிற்பானாயின், நாம் பெற்ற நிலத்தால் பயன் இல்லை. இரு சாராரும் கலந்து பழகும் இடமாக அது அமைய வேண்டும்; ஒரே களத்தில் ஆடும் பிள்ளைகளே நாளை ஒரே ஊராராக வாழ்வர்.

அன்பர்களே, இம்முகாம் முடிந்து நீங்கள் ஊர் திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊராட்சிக்கு இதுவரை வந்த தானப் பத்திரங்களை எடுத்து மேசை மேல் அடுக்குங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரத்தோடும் அந்தந்த இடத்துக்கு நடந்து செல்லுங்கள். எங்கே நிலம் இருக்கிறது, எங்கே இல்லை என்பது ஒரே நாளில் விளங்கிவிடும். இருக்கும் நிலத்தை வேலியிட்டுக் காப்போம். இல்லாத நிலத்தைச் சட்டத்தின் துணைகொண்டு மீட்போம். அடுத்த கிராம சபையில் அக்கணக்கை ஊராரின் முன் வைப்போம்.