வடமாலபேட்டையிலிருந்து ஒரு தீவுக்கு

தீவில் விடுமுறை என்றதும் அந்தமானையே பலரும் எண்ணுவர். வடமாலபேட்டைவாசிகளான எங்களுக்கோ தீவுகள் சொந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. 2022-இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் அதனுள் சேர்ந்தன.

புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு வழியே தடா சென்றோம். 1960 ஏப்ரல் முதல் நாளில் சத்தியவேடு ஆந்திரத்துக்கும், திருத்தணி சென்னை இராச்சியத்துக்கும் மாறின. இருந்த இடத்திலிருந்து நகராமலேயே அயல் மாநிலத்தவரானோர் பலர்! வெளிமாநிலங்களில் வாழும் உங்களுக்கு இது விளங்கும்.

சில்காவை அடுத்து நம் நாட்டின் பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரியே. சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்குச் செல்லும் சாலை அதனை ஊடறுத்துச் செல்கிறது. மாரிக்காலம் தொடங்கிப் பங்குனி வரை, சாலையின் இருமருங்கிலும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலைகீழாக அலகைத் தோய்த்து இரை அரித்துண்ணும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் அவ்வுணவினால் வருவதே. காலைப்பொழுதே காண ஏற்றது. வெயில் ஏறினால் கானல் கண்ணை மறைக்கும். ஏவுதளத்தைக் கண்டபடி சுற்றிப்பார்க்க இயலாது. ஏவூர்தி புறப்படும் நாளில், முன்பதிவு செய்தோர் 2019-இல் திறந்த பார்வையாளர் மாடத்திலிருந்து காணலாம்.

இருக்கம் தீவுக்கோ படகில்தான் செல்லவேண்டும். அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. எங்களுடன் வந்த சிறுவர்கள் படகில் தாவி ஏற முனைந்தனர், நாங்கள் தடுத்தோம். இதே ஏரியில், 2011 டிசம்பர் 25 அன்று, உல்லாசமாகச் சென்ற 22 பேர் படகு கவிழ்ந்து மாண்டனர். மிதவைச் சட்டை அனைவருக்கும் உண்டா என்று வினவினோம். இரண்டு குறைந்தன. அவை வரும்வரை ஒரு மணி நேரம் கரையிலேயே அமர்ந்திருந்தோம்.