மௌனம் மருந்தாகாது



உரிமைகளைப் பற்றி மேடைகளிற் பேசிப் பழகிய நாம், இன்று வீட்டினுள்ளே பூட்டி வைக்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். மாதவிடாய் நின்றுபோகும் பருவமே அப்பொருள். சபையிற் பேசத் தக்கதா இது என்று முகஞ் சுளிப்போர் இருக்கலாம். பேசாமையால் ஓர் உயிர் போகுமாயின், பேசுவதே கடமை என்பது எமது துணிபு.

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடிவழி தாய்வழியே. வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாய்ச் செல்வன. பழைய முக்குவர் வழமையும் சொத்துரிமையைத் தாய்வழியே கண்டது. மகளுக்கு மணமானதும் தாய் தன் வீட்டை அவளுக்கு ஈந்து, வேறொரு மனைக்கு ஒதுங்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. ஏறத்தாழ அதே வயதிலேதான் அவளது உடலும் மாறுகின்றது. வீடு கைமாறுவதை ஊரே அறியும். உடல் மாறுவதை உடனிருப்போரும் அறியார். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளை பெறும் பெண்ணைக் கண்டது. அப்பருவம் கடந்தபின் அவள் படும் பாட்டை அது காணவில்லை.

அம்மாற்றந்தான் யாது? சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோனைச் சுரப்பது குறைகின்றது. பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழும். முதலில் மாதவிடாய் முறை தவறும். தொடர்ந்து 12 மாதங்கள் வாராதாயின் நின்றுவிட்டது எனக் கொள்ளலாம். அதுவரை கருத்தரிக்கவும் கூடும். திடீரென முகமும் மார்பும் கொதித்தல், இரவில் வியர்த்து நனைதல், உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, மூட்டு நோவு, மறதி, சினம், மனச்சோர்வு, பிறப்புறுப்பில் வறட்சி ஆகியன இதன் அடையாளங்கள். எல்லோர்க்கும் எல்லாம் வருவதில்லை. இது நோயுமன்று, பேயுமன்று, கெட்ட குணமுமன்று.

தாங்கும் வழிகள் உண்டு. பருத்தி ஆடையும் காற்றோட்டமான படுக்கையும் வேண்டும். மாலைக்குப்பின் தேநீரையும் மிகுந்த உறைப்பையும் குறைத்தல் நலம். எலும்பு மெலியும் காலமாதலால் தயிர், குரக்கன், முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவற்றை உண்க, நாள்தோறும் நடக்க, வெற்றிலையோடு சேரும் புகையிலையை விடுக. துன்பம் மிகுமாயின் ஓமோன் சிகிச்சை உண்டு. அது எல்லோர்க்கும் பொருந்தாது. வைத்தியர் ஆராய்ந்தே தரவேண்டும்.

இனிச் சொல்வதை நெஞ்சிற் பதித்துக்கொள்ளுங்கள். நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் கண்டாலும், “இளமை திரும்பிற்று” என்று மகிழ்ந்திருத்தல் ஆகாது. அது புற்றுநோயின் முதற் குறியாகவும் இருக்கலாம். நிற்குமுன் அளவு கடந்து உதிரம் போனாலும், 40 வயதுக்கு முன்பே நின்றாலும், மார்பிற் கட்டி தென்பட்டாலும், வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இதற்கென்றே 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இந்நாட்டில் உள்ளன. 35 வயதைக் கடந்த பெண்களின் குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கு சோதிக்கின்றனர். வழி தெரியாதோர் தம் ஊர் மருத்துவமாதைக் கேட்கலாம். மண்முனைத் துறையிற் பாதைக்குக் காத்துநின்ற காலம் 2014இற் பாலம் திறந்ததோடு கழிந்தது. நாணம் என்னும் துறை இன்னும் கடக்கப்படவில்லை. அதற்குப் பாலம் கட்டவேண்டியோர் நாமே.

ஆடவர்களே! உங்கள் மனைவி நள்ளிரவில் எழுந்து திண்ணையில் அமர்ந்தால், ஏன் என்று அன்போடு கேளுங்கள். அவள் சினத்துக்குச் சினத்தால் விடை கூறாதீர்கள். கிளினிக்குக்குச் செல்லும் நாளில் அடுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வைகாசி தோறும் கண்ணகை அம்மனின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடும் மக்கள் நாம். தெய்வத்தின் வெம்மையை அறிந்த நமக்கு, வீட்டிலிருக்கும் தாயின் வெம்மையை அறிதல் அரிதாமோ? அறிவோம், தணிப்போம்.