எவரும் பின்னால் அமராத அவை

(மகாவீரர் ஜயந்தி விழாவில் கொடுங்கையூரில் ஆற்றிய உரை)



சமத்துவத்தை ஓவியத்தில் காட்ட முடியுமா என்பது எனக்குத் தரப்பெற்ற பொருள். அன்பை வரைக என்றால் தாயும் சேயும் வரையலாம். வீரத்தை வரைக என்றால் வாளேந்திய மறவனை வரையலாம். சமத்துவத்தை வரைக என்றால் நம்மில் பெரும்பாலோர் தராசு ஒன்றை வரைவோம். தராசோ இரண்டு தட்டுகளை மட்டுமே உடையது. எண்ணற்ற உயிர்கள் ஒருங்கு வாழும் உலகத்தை அதில் ஏற்றிக் காட்ட இயலாது. ஓவியத்தின் இயல்பும் இம்முயற்சிக்கு இடையூறாகவே நிற்கிறது. ஒருவரை மேலே வரைந்தால் மற்றொருவர் கீழே வருவார். ஒருவரை முன்னே நிறுத்தினால் மற்றவர் பின்னே போவார். அரசனைப் பெரிதாகவும் ஏவலரைச் சிறிதாகவும் தீட்டுவது பல நாட்டுப் பழங்கலைகளிலும் காணப்படும் வழக்கம். ஆகவே, ஏற்றத்தாழ்வை வரைவது எளிது. சமத்துவத்தை வரைவது அரிது.

நம் காலத்தில் உலகெங்கும் பரவிய ஒரு படத்தை இளைஞர்கள் கண்டிருப்பீர்கள். வேலிக்கு வெளியே மூவர் நின்று விளையாட்டுப் போட்டியைப் பார்க்க முயல்கின்றனர். ஒருவர் நெடியவர், ஒருவர் நடுத்தரமானவர், ஒருவர் சிறுவர். மூவருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்தால் சிறுவனுக்கு ஆட்டம் தெரியாது. நெடியவரின் பெட்டியையும் சிறுவனுக்கே கொடுத்தால் மூவரும் காண்பர். 2012ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் கிரெய்க் ஃப்ரோல் உருவாக்கிய படம் அது. ஒரே அளவாகக் கொடுப்பது வேறு, ஒரே பயன் எய்தச் செய்வது வேறு என்பதை அது குழந்தைக்கும் விளக்கிவிடுகிறது. பின்னர் வந்தோர் அதை மாற்றி வரைந்து, வேலியையே அகற்றிக் காட்டினர். பெட்டி கொடுப்பதா, வேலியை அகற்றுவதா என்ற வினா அப்படத்தால் எழுந்தது.

இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு நம் சமயத்தின் சமவசரண ஓவியத்தைக் காணுமாறு வேண்டுகிறேன். கேவலஞானம் எய்திய தீர்த்தங்கரர் அறம் உரைக்கத் தேவர்கள் அமைத்த அவையே சமவசரணம். எல்லோர்க்கும் சமமான வாய்ப்புள்ள இடம் என்று நம் பெரியோர் அதற்குப் பொருள் உரைப்பர். அதன் வடிவம் வட்டம். நடுவில் பெருமான் வீற்றிருப்பார். சுற்றிலும் பன்னிரண்டு கொட்டங்கள் அமைந்திருக்கும். எத்திசையில் அமர்ந்தவர்க்கும் பெருமானின் திருமுகமே தெரியும். முதுகைக் காண்பவர் எவரும் இலர். ஓவியத்தின் பழைய இடர்ப்பாட்டை நம் முன்னோர் எவ்வளவு எளிதாகத் தீர்த்துவிட்டனர் பாருங்கள்! வரிசையை வட்டமாக்கினர், முன், பின் என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வவையில் பிரிவுகள் உண்டு. கணதரரும் முனிவரும் ஒரு கொட்டத்தில் இருப்பர். ஆரியாங்கனைகளும் மகளிரும் ஒரு கொட்டத்தில் இருப்பர். தேவர்க்கும் தேவியர்க்கும் தனித்தனிக் கொட்டங்கள் உண்டு. பிரிவுகள் இருக்கும்போது சமம் எங்கே என்று இளைஞர்கள் கேட்கலாம். கேட்பதும் நியாயமே. பதினோராவது கொட்டத்தையும் பன்னிரண்டாவது கொட்டத்தையும் உற்று நோக்கினால் விடை கிடைக்கும். பதினோராவது மனிதர்க்குரியது. சக்கரவர்த்திக்கெனத் தனிக் கொட்டம் கிடையாது. அவரும் குடிமக்களோடு அங்கேதான் அமர வேண்டும். பன்னிரண்டாவது விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியது. அவையும் அறம் கேட்கும் உரிமை பெற்றுள்ளன. பெருமானின் திவ்வியத்தொனி அவரவர் மொழியில் அவரவர்க்கு விளங்கும். இருக்கைகள் பலவாயினும் காட்சியும் கேள்வியும் எல்லோர்க்கும் ஒன்றே.

அவ்வவைக்கு ஏறும் படிகள் இருபதாயிரம் என்று நூல்கள் கூறும். ஆனால் முதியோரும் சிறுவரும் களைப்பின்றி நொடிப்பொழுதில் ஏறிவிடுவர் என்றும் அவையே கூறுகின்றன. இயலாதவருக்குப் பெட்டி கொடுத்து உதவும் நிலை அங்கே எழவில்லை; படியே அனைவர்க்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது. வாயிலில் மானத்தம்பம் நிற்கிறது. அதைக் கண்ட அளவில் இந்திரபூதியின் செருக்கு அகன்றது என்பது நாம் அறிந்த வரலாறு. சம அவைக்குள் நுழைவோர் முதலில் வெளியே விட வேண்டியது தம் பெருமையைத்தான்.

இக்காட்சியைத் தமிழகத்து ஓவியர்கள் போற்றி வரைந்துள்ளனர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. விசயநகர அமைச்சர் இருகப்பர் அங்கே 1387-88இல் சங்கீத மண்டபம் எழுப்பினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் தமிழ் விளக்கங்களோடு தீட்டப்பெற்றுள்ளன. சமவசரணமும் அவற்றுள் ஒன்று. படத்தின் அடியில் மக்கள் மொழியில் எழுதிவைத்தமை, கற்றோர்க்கு மட்டுமன்றி வழிபட வருவோர்க்கெல்லாம் அது விளங்க வேண்டும் என்னும் கருத்தாலேயே எனக் கொள்ளலாம்.

இதனினும் தொன்மையானது புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலைப் புதுக்கியதைக் கல்வெட்டு உரைக்கிறது. அங்குள்ள தாமரைக் குளத்தைச் சமவசரணத்தின் நீர்நிலைப் பகுதியாக அறிஞர் விளக்குவர். குளத்தில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் உள்ளன. அவற்றினிடையே பவ்வியர் மூவர் மலர் கொய்கின்றனர். அவர்களின் மேனி நிறம் ஒரே தன்மையதாக இல்லை. நிறம் வேறாயினும் குளம் ஒன்று, கொய்யும் மலர் ஒன்று, நோக்கமும் ஒன்று. ஓவியர் இதை அறிவுரையாக எழுதவில்லை. அமைதியாக வரைந்து சென்றார்.

கழுகுமலைக்குச் சென்றவர்கள் பாறையில் வரிசை வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருமேனிகளைக் கண்டிருப்பர். அவற்றின் அடியில், செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளன. குரத்தியர் எனப்பெறும் பெண் துறவியர் பெயர்களும் அவற்றுள் உண்டு. கொடுத்தவர் பலர்; ஆயினும் அவ்வரிசைகளில் உள்ள உருவங்கள் ஏறத்தாழ ஒரே அளவின. கொடுத்தவரின் தகுதியை உருவத்தின் அளவைக் கொண்டு அறிய வழியில்லை. தீர்த்தங்கரர் இருபத்துநால்வரையும் நம் மரபு தியானக் கோலத்தில்தான் காட்டுகிறது. ஏறு, அரிமா முதலிய இலாஞ்சனைகளாலேயே அவர்களைப் பெரும்பாலும் பிரித்தறிகிறோம். முற்றும் வென்றவர்களிடையே உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

சிங்கமும் பசுவும் ஒரே தொட்டியில் நீர் அருந்தும் படம் நம் இல்லங்களிலும் கோயில்களிலும் உண்டு. அப்படத்தில் சிங்கத்தின் நகம் மழுங்கவில்லை. பசுவுக்குப் புதிய வலிமை வந்துவிடவும் இல்லை. இரண்டும் தத்தம் இயல்பான உருவத்தோடுதான் நிற்கின்றன. அச்சம் மட்டுமே அங்கிருந்து நீங்கியிருக்கிறது. வலியவர் அருகில் எளியவர் அஞ்சாமல் நிற்பதே சமத்துவம் என்பது அப்படம் சொல்லும் பாடம். அகிம்சை இல்லாத இடத்தில் சமத்துவம் வெறும் சொல்லாகவே நிற்கும்.

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப்படியை நந்தலால் போசும் சாந்திநிகேதன் ஓவியர்களும் அழகுபடுத்தினர். 1950 சனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையொப்பமிட்ட அந்நூலில், மாநிலங்களைப் பற்றிய ஆறாம் பகுதியின் தலைப்பில் பகவான் மகாவீரர் தியானத் திருக்கோலத்தில் காட்சி தருகிறார். அதே நூலின் 14ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. தம் உருவம் தாங்கிய நூல் சொல்வதைப் பின்பற்றுவது மகாவீரர்க்கு நாம் செய்யும் வழிபாடே ஆகும்.

அன்பர்களே! இவையெல்லாம் விதானத்திலும் பாறையிலும் ஏட்டிலும் உள்ள படங்கள். நாம் நாள்தோறும் நம் செயலால் வரையும் படம் ஒன்று உண்டு. சென்னை மாநகரைச் சமவசரணம் போல வட்டமாக வரைந்தால் கொடுங்கையூர் எங்கே அமரும்? பல பத்தாண்டுகளாக மாநகரத்தின் குப்பை இங்கே வந்து குவிகிறது. அதன் புகையை மூச்சிலேற்றி வாழ்வோர் இங்குள்ளனர். அதைக் கையால் பிரித்துப் பிழைப்போர் இங்குள்ளனர். நகரத்தின் முதுகை மட்டுமே பார்த்து வாழும் மக்கள் அவர்கள். நம் அவையிலும் அவர்களைப் பின்னால் அமர்த்தினால், சமவசரணத்தைப் பூசிக்கும் தகுதி நமக்கு எவ்வாறு வரும்?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கிறேன். முதலாவது, விழா நடைபெறும் எந்த மண்டபத்திலும் படிகளுக்கு அருகே சரிவுப் பாதை ஒன்று இருக்கட்டும். இருபதாயிரம் படிகளின் பொருள் அதில் விளங்கும். இரண்டாவது, அன்னதானத்தில் துப்புரவுப் பணியாளரும் குப்பை பிரிப்போரும் நம்மோடு ஒரே பந்தியில் அமரட்டும். பொட்டலம் கட்டி வெளியே கொடுத்தனுப்புவது தானமாகலாம், சமவசரணமாகாது. மூன்றாவது, குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியில் சமவசரணத்தை வரையச் சொல்லுங்கள். பன்னிரண்டு கொட்டங்களையும் வரைந்த பின், தம் தெருவில் யார் யார் அதில் இன்னும் இடம் பெறவில்லை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வினாவுக்குக் குழந்தைகள் சொல்லும் விடையைப் பெரியோராகிய நாம் பொறுமையோடு கேட்போமாக.

எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!

ஜெய் ஜினேந்திரா!