பத்திரத்தில் இருக்கிறார் பாட்டனார்



ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியின் வாழ்க்கையை நாடே அறியும். அதே காலத்தில் அந்த வட்டாரத்தில் ராகி விதைத்து, ஏர் பிடித்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி அவருடைய கொள்ளுப்பேரனுக்குக்கூடத் தெரியாது. ஆனால், அவர் பேரில் கையளவு நிலம் இருந்திருந்தால் போதும், தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

தேடுமுன் ஒன்றை நினைவில் வையுங்கள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் தருமபுரி. 1965-க்கு முன் சேலம். ஆகவே 1930-ஆம் வருடப் பத்திரத்தைச் சேலம் ஜில்லா என்றே தேட வேண்டும்.

வீட்டில் இருக்கும் பட்டாவின் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பழைய பத்திரத்தின் எண் கிடைத்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுக் கொடுக்கலாம். இன்னார் மகன் இன்னார், எந்தக் கடனுக்காக நிலத்தை அடமானம் வைத்தார், செக்குபந்தியில் கிழக்கே யாருடைய புஞ்சை, வடக்கே எந்த ஓடை என்று அவர் நடமாடிய உலகமே அதில் தெரியும். மூலப் பத்திரம் பரண்மேல் கிடைத்தால் இன்னும் நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெருவிரல் ரேகை மையோடு அதில் பதிந்திருக்கும். எழுதத் தெரிந்தவர் என்றால், இந்த எல்லைச் சீமையில் தெலுங்கிலோ கன்னடத்திலோ கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும்.

தொழிற்பேட்டைக்காக நிலத்தை அரசு எடுத்திருந்தால், நிலமெடுப்பு ஆவணங்களையும் கேளுங்கள். நிலத்துக்கு மட்டுமல்ல, கிணற்றுக்கும் மரங்களுக்கும் தனித்தனியே இழப்பீடு கணக்கிடுவது வழக்கம். இன்று ஆலை நிற்கும் இடத்தில் உங்கள் பாட்டனார் வெட்டிய கிணறும் வளர்த்த புளியமரமும் அந்த ஆவணங்களில் பதிவாகியிருக்கலாம்.

நிலமில்லாத கூலிக்காரரையும் பெண்களையும் இந்தக் காகிதங்களில் காண்பது அரிது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்னதால் சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். இப்படிக் காகிதத்தில் இல்லாதவர்களுக்குப் பெரியவர்களின் நினைவு ஒன்றுதான் ஆவணம்.

ஆகவே நேயர்களே, வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியின் பெயர் என்ன, பிறந்த ஊர் எது, யாருடைய காட்டில் வேலை செய்தார் என்று கேளுங்கள். பத்திரத்தைப் பிறகும் தேடலாம். சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால் கேட்க ஆளில்லை.