இலண்டன் நகரில் மரக்கறி உணவு
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடும்பங்களினின்றும் மேற்படிப்பிற்காகவும் உத்தியோகத்தின் பொருட்டும் இலண்டன் செல்லும் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவர்களை வழியனுப்பும் தாய்மார் என்னிடம் வினவுவது ஒரே வினா. கல்லூரியைப் பற்றியன்று, குளிரைப் பற்றியுமன்று. “ஊரெல்லாம் இறைச்சி உண்ணும் அவ்விடத்தில் என் பிள்ளை எதை உண்பான்?” என்பதே அது. இது குறித்து நம்மவருள் இரண்டு கொள்கைகள் உலவுகின்றன. கடல் கடந்தால் விரதம் நில்லாது, ஆகலின் அனுப்பற்க என்பது ஒன்று. போன இடத்தில் கிடைத்ததை உண்க, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அந்நகரை அறியாமையாற் பிறந்தவை என்பதே என் துணிபு. யான் நூல்களிற் கற்றனவும், என்னிடம் பயின்று அங்குச் சென்ற மாணாக்கர் எழுதித் தெரிவித்தனவும் கொண்டு சில கூறுவேன்.

அந்நகரம் ஊனுணவில் விருப்பம் மிக்கது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நகரின் நடுவே ஸ்மித்ஃபீல்டு என்னும் இறைச்சிச் சந்தை உண்டு. நூற்றாண்டுகள் பலவாக அங்கே கால்நடைகள் ஓட்டிவரப்பெற்று விற்கப்பட்டன. இறைச்சிக்கென்றே எழுப்பிய பெரிய கட்டடம் 1868-ல் திறக்கப்பெற்றது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் வாட்டிய இறைச்சியைக் குடும்பத்தோடு அமர்ந்துண்பது அந்நாட்டார் பழவழக்கம்.

இந்நகருக்கு 1888-ஆம் ஆண்டில் பத்தொன்பது வயது நிரம்பாத வைசிய இளைஞர் ஒருவர் சட்டம் பயிலச் சென்றார். ஊனும் மதுவும் மாதரும் தீண்டேன் என்று தாயின் முன்னிலையிற் சூளுரைத்துச் சென்றவர் அவர். அவர்தம் சாதியார் பம்பாயிற் கூட்டங்கூட்டி, அந்நாட்டில் மதாசாரத்தைக் காத்தல் இயலாது என்று கூறித் தடுத்தனர். அவர் இணங்காமை கண்டு சாதியினின்று விலக்கினர். அவருக்கு உதவுவோரும், துறைமுகம் சென்று வழியனுப்புவோரும் ஒன்றேகால் ரூபாய் தண்டம் இறுக்க வேண்டும் என்றும் விதித்தனர். அவ்விளைஞரே பிற்காலத்து மகாத்மா காந்தியடிகள். ஒரு சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று இவ்வரலாற்றைக் கூறுவது எளிதன்று. ஆயினும் இன்றைய பொருளுக்கு இதனினும் பொருந்திய சான்று பிறிதில்லை.

அடிகள் முதற்சில வாரங்கள் பட்ட பாட்டைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். தங்கிய வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைக்கும். மற்றை வேளைகளில் ரொட்டியும் கீரையும் பழப்பாகுமே. இன்னும் இரண்டு துண்டு ரொட்டி வேண்டும் என்று கேட்க நாணம். நாடோறும் 10, 12 மைல் நடந்து, மலிவான கடைகளிற் புகுந்து ரொட்டியால் வயிற்றை நிரப்பியும் பசி தீரவில்லை. ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டார். அதன் கண்ணாடிப் பலகணியில் ஹென்றி சால்ட் என்னும் ஆங்கிலேயர் மரக்கறி உணவுக்காக வாதாடி எழுதிய நூல் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து நூலை வாங்கிக்கொண்டு உள்ளே சென்று, அந்நாட்டில் முதன்முறையாக வயிறார உண்டார். அத்தெரு யான் முன்னர்க் கூறிய இறைச்சிச் சந்தைக்கு அணித்தேயுள்ளது என்பதையும் நோக்குக.

அவ்வுணவுச்சாலையை நடத்தியவர் குஜராத்தியருமல்லர், நம்மவருமல்லர், ஆங்கிலேயர். 1847-லேயே இங்கிலாந்தில் மரக்கறி உணவினர் சங்கம் அமைந்துவிட்டது. அதற்கு முன்னும் அந்நாட்டில் ஊன் துறந்தார் சிலர் இருந்தனர். அவர்களைப் பழைய கிரேக்க ஞானி பித்தாகோரசின் பெயரால் வழங்கினர். (நாம் அவ்வுணவைச் சைவம் என்று சமயப் பெயராற் குறிப்பதுபோன்றதே இது. ஈழத்தார் வழங்கும் மரக்கறி என்னும் சொல் இன்னும் தெளிவுடையது; மாற்றுச் சமயத்தாரிடமும் தயக்கமின்றிச் சொல்லலாம்.) இரண்டாம் உலகப்போரில் உணவுப் பங்கீடு வந்தபோது, இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்த மரக்கறியாளருக்கு அரசாங்கமே பாலாடைக்கட்டியை மிகுதியாக அளித்தது. பாலும் கொள்ளோம் என்பார் 1944-ல் தனிச்சங்கம் கண்டனர்; ‘வீகன்’ என்னும் சொல் அவர் படைத்ததே. இன்று அந்நகரத்துப் பெரும்பாலான உணவுச்சாலைகளின் பட்டியலில் மரக்கறிக்கும் வீகனுக்கும் தனிக்குறி இடுகின்றனர்.

இதனால் யான் பெறுவிக்க விரும்பும் கருத்து யாதெனின், நம் பெயர்ப் பலகையைத் தேடி அலைவதினும், வேறு காரணத்தால் ஊன் நீத்த அயலாரைத் தேடுதல் பயன் மிகுதியுமுடையது என்பதே. பெயர்ப் பலகை மயக்கும். ரீஜென்ட் தெருவில் ‘வீராசாமி’ என்ற பெயரோடு 1926-ல் ஓர் உணவுச்சாலை தொடங்கப்பெற்றது. பெயரைக் கேட்டு இட்டலியை எதிர்நோக்குவோம். தொடங்கியவர் எட்வர்டு பால்மர் என்பவர், உணவோ ஊன் கலந்தது. தெருக்கள்தோறும் காணும் ‘இந்திய’ உணவுச்சாலைகளுட் பல வங்காளதேசத்துச் சில்ஹெட் பகுதியார் நடத்துவன. 1983-க்குப் பின் ஈழத்தமிழர் மிகுதியாகக் குடியேறிய ஈஸ்ட் ஹாம், டூட்டிங் முதலிய இடங்களில் தோசையும் இடியப்பமும் தமிழ்மொழியும் தாராளமாகக் கிடைக்கும். ஆயினும் முட்டையும் இறைச்சியும் இட்டுக் கொத்துரொட்டி கொத்தும் அதே கல்லில் நம் ரொட்டியும் வேகக்கூடும். ஆகலின் மரக்கறி மட்டும் சமைக்கும் கடையா என்று கேட்டறிக. யூஸ்டன் இரயில் நிலையத்தருகே டிரம்மண்ட் தெரு இவ்வகைக் கடைகளுக்கு நெடுநாளாகப் பெயர் பெற்றது.

1972-ல் உகாண்டாவினின்று துரத்தப்பட்ட குஜராத்தியர் பலர் வெம்பிளி, ஹாரோ பகுதிகளிற் குடியேறினர். வைணவரும் சமணருமாகிய அவர்தம் கடைகளில் வெங்காயமும் பூண்டும் விலக்கிய உணவுங்கூடக் கேட்டால் கிடைக்கும். மாணாக்கர் ஒருவர் முதற்றிங்களில் வெம்பிளியின் ஈலிங் சாலையருகே அறையெடுத்தமையால் அடுப்பு மூட்டாமலே உண்டதாக எழுதினார்.

நம்மவர் பலர் அறியாதது எத்தியோப்பியர் உணவு. அந்நாட்டுப் பழைய கிறித்தவத் திருச்சபையார் புதனும் வெள்ளியும், நெடுநோன்புக் காலங்களும் சேர, ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவர். ஆகவே அவர்தம் சமையலில் பருப்பும் காயும் கீரையும் மிக விரிந்துள்ளன. தெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து வார்த்த ‘இஞ்செரா’ நம் தோசைக்கு உறவு. அதன்மேற் காரமான துவரைநிறப் பருப்பும் முட்டைக்கோசும் பரப்பி, கையாலேயே உண்பர். “நோன்பு உணவு” என்று கேட்டால் உடனே விளங்கிக்கொள்வர். கையால் உண்டதே பாதிப் பசியைத் தீர்த்தது என்றார் மற்றொரு மாணாக்கர்.

யூதர் தம் விதிப்படி இறைச்சியையும் பாலையும் ஒருங்கு சமையார். கோல்டர்ஸ் கிரீன் போன்ற பகுதிகளில் அவ்விதியைப் பேணும் பாலுணவுக் கடையில் இறைச்சி புகாது. மீனும் முட்டையும் இருக்கலாம், அதனைக் கேட்டுக்கொள்க. லெபனான் நாட்டார் கடைகளில் கொண்டைக்கடலை அரைத்த ஹும்முஸும், பருப்புச்சோறும் உண்டு. சீனத்துப் பௌத்தர் ஊனும் பூண்டும் நீத்துச் சமைப்பர். ஆனால் பொதுவான சீனக்கடையில் கீரைமேலும் சிப்பிச்சாறு ஊற்றுவது வழக்கம்.

ஆகவே கேட்டல் வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் தளர்கின்றனர். காய்கறி ரசம் என்று எழுதியிருப்பினும் எலும்பு வேகவைத்த நீரே அதற்கு அடியாதல் உண்டு. உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்னும் உள. ஊஸ்டர்ஷயர் சாறு என்பதில் மீன் உண்டு. தாய்லாந்துக் குழம்பில் மீன்சாறு உண்டு. பார்மசான் என்னும் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையினின்று எடுத்த பொருளால் உறையச் செய்வர். 2014 டிசம்பர் முதல் அந்நாட்டுச் சட்டம் உணவு விற்போர் 14 பொருள்களைப் பற்றிக் கேட்போர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றது. முட்டை, மீன், பால், நண்டு இனம், சிப்பி இனம் என்பன அவற்றுள் அடங்கும். உடல் ஏற்காதவரைக் காக்க வந்த சட்டம் அது, நமக்கும் உதவுகின்றது. ஆனால் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் அப்பட்டியலில் இல்லை. அதனால் “இதில் முட்டையுண்டா, மீனுண்டா” என்பதற்கு ஏட்டைப் பார்த்து விடை தருவர். “எலும்புச்சாறு உண்டா, எந்தக் கொழுப்பில் பொரித்தீர்” என்பதை நாமே தனித்து வினவ வேண்டும்.

காந்தியடிகளும் இவ்விடத்திற் சோதிக்கப்பட்டார். நண்பர் ஒருவர், பெருமக்கள் கூடும் ஹோல்போர்ன் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றார். அச்சபையிற் கேள்வி கேட்க நாணி உண்டுவிடுவார் என்பது அவர் எண்ணம். ரசம் வந்தது. அடிகள் பரிசாரகனை அழைத்தார். நண்பர் சினந்து, நாகரிக சபைக்கு நீ தகாய், வெளியே போய் உண்டு காத்திரு என்றார். அடிகள் மகிழ்ந்தே எழுந்தார். அருகிருந்த மரக்கறிச்சாலை அன்று மூடியிருந்தமையால் பட்டினியோடு இருந்தார். பின்பு இருவரும் முன்னர் எண்ணியபடியே நாடகம் பார்க்கச் சென்றனர், நட்பும் கெடவில்லை.

இறுதியாகத் தாய்மார்க்கு ஒரு சொல். பிள்ளையின் பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வைத்தனுப்பாதீர்கள். நம் நாட்டினின்று பாற்பொருள்களைப் பிரயாணிகள் கொண்டு செல்லுதலை அந்நாட்டார் தடுத்துள்ளனர். விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வர். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வையுங்கள். அரிசி அங்கே கிடைக்கும்.